சைக்கிளுக்கு ஏற்ற உடம்பா? உடம்புக்கு ஏற்ற சைக்கிளா?

போன வெள்ளிக்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தபோது கைப்பேசியில் ஒரு குரல் பதிவு காத்திருந்தது. கிள்ளானிலிருந்து ஒரு தங்கை. வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறதாம்.

"அக்கா, நீங்க டிரையத்லான் போறேன்னு ரேடியோவுல சொன்னீங்கல்ல, நானும் ஒன்னுல சேரலாம்னு இருக்கேன். சைக்கிள் ஒன்னு பார்த்து வச்சிருக்கேன். ஒன்பதாயிரம் வெள்ளி. நாளைக்கு டெப்பாசிட் கட்டணும். நான் 150 சென்டிமீட்டர்தான். கடைக்காரரு, சீட்ட எறக்கிட்டா சரியாயிரும்னு சொல்றாரு. சரியாயிருமாக்கா? இல்ல, குள்ளமா இருக்கவங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராதா?"

கடைசிக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது. நான்கு வருடத்துக்கு முன் நானும் இதே கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டவள். உடனே அழைத்து, "நாளைக்குக் காசு கட்டாதம்மா" என்றேன். அதன்பின் அரை மணி நேரம் பேசினோம். பேசியதை எல்லோருக்கும் பயன்படுமே என்று இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக. டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் ஒரே மூச்சில் செய்வது. தொடக்கநிலையினர் சேரும் ஸ்பிரின்ட் பிரிவில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். லங்காவியில் நடக்கும் அயன்மேன் போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்குமேல் ஒரு முழு மாரத்தான் ஓட வேண்டும். எந்தப் பிரிவானாலும் சைக்கிளில்தான் அதிக நேரம் போகும். அந்த நேரம் முழுக்க உடம்பு ஒரே நிலையில் மடங்கிக் கிடக்கும். அதனால்தான் அளவு இவ்வளவு முக்கியம்.

என் கதை

என் உயரம் 152 சென்டிமீட்டர். செமினியில் எங்கள் தாமானிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோகா பக்கமோ, சுங்கை தெக்காலா மேட்டுப் பக்கமோ கிளம்பினால் சைக்கிள் கூட்டத்தைப் பார்க்காமல் திரும்ப முடியாது. பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. 6,500 வெள்ளிக்கு இரண்டாம் கை டிரையத்லான் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். அளவு 51. விற்றவர் சீட்டை அடிமட்டம் வரை இறக்கினார். என்னை உட்காரச் சொன்னார். இரண்டு காலும் தரையைத் தொட்டன. "பார்த்தீங்களா, பெர்ஃபெக்ட்" என்றார். நானும் நம்பினேன். படிப்பு ஊடகத்துறை, தொழில் மைக். பிரேம் பற்றி எனக்கு என்ன தெரியும்?

முதல் மாதம் முட்டிக்கு முன்பக்கம் வலித்தது. இரண்டாம் மாதம் கழுத்து. அரை மணி நேரம் மிதித்தால் விரல்கள் மரத்துப் போகும். கூட வந்தவர்கள், "பழகப் பழகச் சரியாயிரும்" என்றார்கள். ஒரு நாள் தாமான் முனையில் மெதுவாக யூ டர்ன் எடுத்தபோது முன் டயர் என் காலணி நுனியில் இடித்து, அப்படியே சாய்ந்தேன். வேகம் நடையைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் மணிக்கட்டு சுளுக்கி இரண்டு வாரம் கட்டு. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையை இயக்கினேன். பின்னால் ஒரு லோரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

அந்த இரண்டு வாரத்தில் நான் எடுத்த முடிவு, "இது எனக்கானது இல்லை" என்பது. சைக்கிள் பெரிதாக இருக்கிறது என்று தோன்றவேயில்லை. நான் சின்னவளாக இருக்கிறேன் என்றுதான் தோன்றியது.

பாட்டியின் கட்டை

விற்பனைக்கு விளம்பரம் போடப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "உங்க பாட்டி உன்னையவிடக் குள்ளம்டி. தாத்தாவோட பெரிய சைக்கிள்ல பால் மரம் சீவப் போவாங்க" என்றார்.

எனக்குத் தெரிந்த கதைதான். அந்தக் காலத்துக் கறுப்பு ஆண்கள் சைக்கிள், நடுவில் கம்பி. பாட்டி முதலில் கம்பிக்குக் கீழே காலை விட்டு குரங்கு பெடல் அடித்துப் பழகியவர். எனக்குத் தெரியாத பாதியை அம்மா அன்றைக்குச் சொன்னார். பாட்டிக்குக் கால் எட்டவில்லை என்று தாத்தா இரண்டு பெடலிலும் ரப்பர் கட்டையைச் செதுக்கி வைத்துக் கட்டிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகுதான் பாட்டி சீட்டில் உட்கார்ந்து போனாராம்.

தோட்டத்தில் இருந்த தாத்தாவுக்குத் தெரிந்தது, பட்டணத்தில் சைக்கிள் விற்றவருக்குத் தெரியவில்லை. ஆளைப் பார்த்து சைக்கிளை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

புதுக்கோட்டையிலும் ரோச்செஸ்டரிலும்

இது நம் பாட்டிமார் கதை மட்டும் இல்லை. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டுவதையும் அதில் ஒரு பாடமாகச் சேர்த்தார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிப் போனார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பற்றி எழுதியதை நான் கல்லூரியில் படித்தேன்.

சில கிலோமீட்டர் தூரத்து வயலுக்கும் சந்தைக்கும் போக, அளவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளிக்கலாம். இரண்டு மூன்று மணி நேரம் குனிந்தே மிதிக்க வேண்டுமென்றால் சமாளிக்க முடியாது.

அமெரிக்காவில் ஜார்ஜெனா டெரி என்ற பெண் பொறியியலாளர் இதை யோசித்தார். 1985-இல் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் பகுதியில் சொந்த நிறுவனம் தொடங்கினார். உயரம் குறைந்த பெண்களுக்கு அவர் செய்த சைக்கிளில் பின் வீல் வழக்கமான 700சி, முன் வீல் மட்டும் 24 அங்குலம். பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் முன் வீல் சிறிதானதால் ஹேண்டலைக் கீழேயும் கிட்டேயும் கொண்டுவர முடிந்தது, காலும் டயரில் இடிக்கவில்லை.

டிரையத்லானுக்கென்றே சைக்கிள் வந்ததும் 1980-களின் இறுதியில்தான். குயின்டானா ரூ நிறுவனத்தின் டான் எம்ப்பீல்ட் அதை உருவாக்கினார். சீட்டை முன்னால் தள்ளி, முழங்கையை ஊன்றிக்கொள்ளும் ஏரோ பாரோடு, 650சி என்ற சிறிய வீலில் செய்தார். சாதாரண ரோட் பைக்கில் சீட் தாங்கும் குழாயின் சாய்வு 72 முதல் 74 டிகிரி வரை இருக்கும். டிரையத்லான் சைக்கிளில் 76 முதல் 80 வரை. இப்படி முன்னால் வந்து உட்கார்ந்தால், குனியும்போது இடுப்பு மடங்கி நெருக்காது. காற்றும் குறைவாக மோதும்.

சிக்கல் எங்கே வந்தது? காலப்போக்கில் எல்லா அளவுக்கும் 700சி வீலே வழக்கமாகிவிட்டது. கடைக்கு எளிது, டயர், டியூப் எங்கும் கிடைக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 700சி வீல் டயரோடு சேர்த்து ஏறக்குறைய 67 சென்டிமீட்டர் உயரம். 650சி ஏறக்குறைய 62. பெரிய ஆளுக்கு இந்த ஐந்து சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. 150 சென்டிமீட்டர் ஆளுக்கு, பிரேமை எவ்வளவு சிறிதாக்கினாலும் அந்தப் பெரிய வீல் முன்பக்கத்தை மேலே தூக்கி நிறுத்திவிடும். இல்லையென்றால் காலுக்குக் கிட்டே வந்து நிற்கும். நான் விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

டேப் எடுத்த அண்ணன்

மணிக்கட்டு சரியானதும் ஒரு தோழி சொல்லி, சைக்கிள் அளவு பார்க்கும் ஓர் அண்ணனிடம் போனேன். அவர் என் சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் என்னைச் சுவரோரம் நிற்க வைத்து டேப் எடுத்தார். அன்று கற்றதைத்தான் கிள்ளான் தங்கைக்கும் சொன்னேன்.

ஒன்று, உள்கால் அளவு. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நில்லுங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கிடையில், சீட்டில் உட்கார்வதுபோல் மேலே அழுத்தி வையுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். எனக்கு 69 சென்டிமீட்டர். இதை 0.883-ஆல் பெருக்கினால் 60.9. பெடல் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறைய அது. இது தொடக்கக் கணக்குதான், பிறகு ஓட்டிப் பார்த்து மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்கலாம். சீட்டின் உயரம் பெடலுக்காக. தரைக்காக இல்லை. நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்க வேண்டும். தரையில் கால் ஊன்றட்டும் என்று சீட்டை இறக்கினால் முட்டி அளவுக்கு மீறி மடங்கி வலிக்கும். எனக்கு வலித்தது அதனால்தான்.

இரண்டு, ஸ்டேக், ரீச். நடு அச்சிலிருந்து பிரேமின் முன்குழாய் உச்சி வரை செங்குத்து உயரம் ஸ்டேக். அதே இரண்டு புள்ளிக்கும் இடையில் கிடைமட்டத் தூரம் ரீச். எந்த நிறுவனமும் தன் இணையப் பக்கத்தில் இதைப் போட்டிருக்கும். 48, 51, எஸ், எக்ஸ்எஸ் என்ற எழுத்தும் எண்ணும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதை நம்பக்கூடாது. துணிக்கடையில் ஒரு பிராண்டின் எஸ் நமக்குத் தொளதொளவென்றும் இன்னொன்றின் எம் இறுக்கமாகவும் இருப்பதில்லையா, அதேதான். சீட்டை இறக்கினால் கைக்கு எட்டும் தூரம் பெரிதாகக் குறையாது. நீளமான சைக்கிள் நீளமாகவே இருக்கும்.

மூன்று, கிராங்க். பெடலைத் தாங்கும் அந்தக் கை. என் சைக்கிளில் இருந்தது 172.5 மில்லிமீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் முட்டி நெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தது. குட்டைக் காலுக்கு 165, 160, அதற்குக் கீழேயும் கிடைக்கிறது. பத்து மில்லிமீட்டர் குறைத்தால் சீட்டைப் பத்து மில்லிமீட்டர் ஏற்றலாம். அப்போது மேலே வரும் முட்டி, சீட்டோடு ஒப்பிட்டால் இருபது மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். வயிற்றுக்கு இடம் கிடைக்கும், மூச்சு ஆழமாக வரும். கிராங்க் குட்டையானால் மேட்டில் நெம்பும் பலம் கொஞ்சம் குறையும், அதனால் கியரை இலகுவாக வைத்துக்கொள்ள வேண்டும். சுங்கை தெக்காலா மேட்டில் ஏறுபவர்களுக்கு இது புரியும்.

நான்கு, கால்விரல் சோதனை. காலணியோடு ஏறி, பெடலை முன்னால் கிடைமட்டமாக நிறுத்தி, ஹேண்டலை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். டயர் காலணியில் படுகிறதா? லேசாக உரசினால் நேர் சாலையில் ஒன்றும் ஆகாது, மெதுவாகத் திரும்பும்போது கவனம் வேண்டும். நன்றாக இடித்தால் அந்த சைக்கிள் வேண்டாம்.

ஐந்து, கை. பிரேக்கை இரண்டு விரலால் எட்டிப் பிடிக்க முடிய வேண்டும். ஏரோ பாரில் படுத்தபோது முழங்கை ஏறக்குறைய தோளுக்கு நேர் கீழே, அல்லது சற்று முன்னால் இருக்க வேண்டும். எட்டிப் பிடித்துத் தொங்கினால் கழுத்து போய்விடும். கடையில் டிரெய்னரில் மாட்டச் சொல்லி, பத்து நிமிடமாவது அப்படியே மிதியுங்கள். ஒரு நிமிடத்தில் எந்த சைக்கிளும் வசதியாகத்தான் தெரியும்.

ஆறு, சீட். இதை வெட்கப்படாமல் பேச வேண்டும். முன்னால் சாய்ந்து உட்காரும்போது உடம்பின் மென்மையான பகுதியில் அழுத்தம் விழும். மரத்துப் போவதையும் புண்ணாவதையும் பெண்கள் வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறோம். மூக்கு இரண்டாகப் பிளந்த சீட்டுகள் இதற்காகவே வந்திருக்கின்றன. மாற்றிப் பார்க்க அனுமதிக்கும் கடையில் வாங்குங்கள்.

ஏழு, வீலின் ஆழம். அழகாக இருக்கிறதென்று 80 மில்லிமீட்டர் ஆழமுள்ள முன் வீலைப் போடாதீர்கள். 45 கிலோ ஆளைப் பக்கக் காற்று பட்டத்தைப்போல் இழுத்துவிடும். கடலோரச் சாலையில் போட்டி வைத்தால் இன்னும் மோசம். டயர் காற்றும் அப்படியே. எடை குறைந்தவர்களுக்கு 80 கிலோ அண்ணன்மார் அடிக்கும் அழுத்தம் தேவையில்லை.

ரோஜா நிறம் போதாது

"பெண்கள் சைக்கிள்னு போட்டிருக்கே, அத வாங்கிக்கலாமாக்கா?" என்று தங்கை கேட்டாள். வாங்கலாம், ஆனால் பெயரைப் பார்த்து வாங்கக்கூடாது. சிலவற்றில் சீட்டும் ஹேண்டலும் நிறமும்தான் மாறியிருக்கும். ஜயன்ட் நிறுவனத்தின் லிவ் போல, பெண்களுக்கென்றே பிரேம் வரைபவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெஷலைஸ்ட் போன்றவர்கள், பெண்களுக்குள்ளேயே உடலளவு அவ்வளவு வேறுபடுவதால் தனிப் பிரேம் தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நமக்கு வேண்டியது நம்முடைய ஸ்டேக், ரீச்சுக்குப் பொருந்துவது. அதன்மேல் என்ன பெயர் எழுதியிருந்தால் என்ன?

இன்னொன்றும் சொன்னேன். முதல் போட்டிக்கு டிரையத்லான் சைக்கிளே வேண்டாம். அளவு பொருந்திய சிறிய ரோட் பைக் போதும். பிறகு ஏரோ பாரை மேலே மாட்டிக்கொள்ளலாம். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதிக்கும் போட்டிகளில் டிரையத்லான் சைக்கிளை ஏற்கவும் மாட்டார்கள். முன்பதிவுக்கு முன் விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

நானும் அப்படித்தான் செய்தேன். 51-ஐ அதற்குரிய உயரமுள்ள ஒருவருக்கு 4,000 வெள்ளிக்கு விற்றேன். நட்டம் 2,500. அது என் பள்ளிக் கட்டணம் என்று வைத்துக்கொண்டேன். ஆறு மாதம் இரவல் ரோட் பைக். அதன்பிறகு காத்திருந்து, 650சி வீலோடு ஓர் இரண்டாம் கை டிரையத்லான் சைக்கிள் கிடைத்தது. அதற்கும் ஒரு குறை உண்டு. அதன் டியூப் இங்கே பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. மொத்தமாக வரவழைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன், வெளியே போகும்போது இரண்டு பையில் இருக்கும். அந்தத் தொல்லை பரவாயில்லை. முதல் நாள் புரோகா வரை போய்த் திரும்பி, ரொட்டி சானாய்க் கடையில் பசியாற உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், விரல்கள் மரத்துப் போகவில்லை.

குள்ளமாக இருந்தால் ஒத்து வராதா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஹவாயில் நடந்த அயன்மேன் உலகப் போட்டியை 2010, 2013, 2014 என மூன்று முறை வென்ற ஆஸ்திரேலியாவின் மிரிண்டா கார்ஃப்ரே ஏறக்குறைய 161 சென்டிமீட்டர்தான். நம் நாட்டு டுங்குன் பையன் அசிசுல்ஹஸ்னி அவாங்கை "பாக்கெட் ராக்கெட்மேன்" என்று உலகமே கூப்பிடுகிறது. அந்தச் சின்ன உடம்போடுதான் ரியோவில் வெண்கலம், தோக்கியோவில் வெள்ளி. அவர்கள் ஓட்டிய சைக்கிள் அவர்களுக்காக அளந்து அமைத்தது. நமக்கும் அளக்க ஆகும் செலவு ஒரு டேப்பும் ஒரு புத்தகமும்.

சனிக்கிழமை மதியம் தங்கையிடமிருந்து ஒரு படம் வந்தது. கடைக்குள் எடுத்தது. பளபளக்கும் சைக்கிள், திருப்பிய ஹேண்டல். முன் டயர் அவள் காலணியின் நடுவில் அழுந்தி நிற்கிறது. கீழே ஒரு வரி: "நல்ல சைக்கிள்தான்க்கா. ஆனா வேற யாருக்கோ."

டெப்பாசிட் கட்டவில்லை. அடுத்த ஞாயிறு செமினிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என் சைக்கிள் அவளுக்கு ஏறக்குறைய பொருந்தும். ஓட்டிப் பார்க்கட்டும். முதலில் அம்மா கையால் பசியாறல், பிறகு டேப்.